மூன்று பேர் கார், ஒரே ஒரு பாலிசி

ஒருவருடைய கார் அதே ஒருவருடைய கடையில் போய் இடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்குமா, கொடுக்காதா?

அன்று மதியம் எங்கள் தெருவில் இந்தக் கேள்வி எழுந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கூடி நின்ற யாருக்குமே தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆளுக்கொரு பதிலை அடித்துச் சொன்னார்கள். காரும் கடையும் யாருடையதோ, அவர்தான் கடைசியில் சரியான பதிலைக் கண்டுபிடித்தார். இது அவருடைய கதை.

அவரை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தைப்பது தொழில். கடைக்கு வெளியேயும் அவர் கண் சும்மா இருக்காது. எதிரில் வருகிறவர் சிரித்து முடிப்பதற்குள் அவருடைய தோள், கை, இடுப்பு மூன்றும் அக்காவின் மனதில் பதிந்துவிடும். "போன தடவைக்கு இந்தத் தடவை இடுப்பு ரெண்டு விரல் கூடியிருக்கே, வீட்டுல சமையல் ஆள் மாறிடுச்சா?" என்று நடுத்தெருவில் கேட்பார். கேட்கப்பட்டவர் அன்று முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே நடப்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த உறவினரைப் பார்க்கப் போய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்து, "கழுத்து இளைச்சிருக்கு, பழைய சட்டையெல்லாம் கொடுத்தனுப்புங்க, பிடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

கீழே கடை, மேலே வீடு. கடை என்றால் ஒரே அறைதான். இரண்டு தையல் மெஷின்கள், கால் ஆடுகிற இஸ்திரி மேஜை, தலையில்லாத ஒரு பொம்மை, வெட்டுத் துணி குவிந்த கூடை, வாசலில் இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும் ஒரு ஷட்டர். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலை பார்க்கிறவன். பட்டப்பெயர் அவசரம். சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலேயே "ஏன் இன்னும் எரியல?" என்று கேட்கிற ரகம். தங்கை பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்க "கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே தங்கிவிட்டது. பசிக்கிறது என்று வருகிற கணவனிடமும் அதைத்தான் சொல்லுவாள். அவரும் பாவம், உட்கார்ந்துகொள்வார்.

இந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். அக்காவுக்குத் துணி மூட்டை ஏற்ற, தம்பிக்கு ஒயர் சுருள் ஏற்ற, தங்கைக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் விட. பணத்தைச் சரிசமமாகப் போட்டார்கள்.

"சமமாத்தான் போட்டோம். அப்போ இதுல எது யாருது?" என்று தம்பி கேட்டான்.

வேறு குடும்பமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அளவக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். மூக்கிலிருந்து வால் வரை காரை அளந்தார். மூன்றால் வகுத்தார். ஒரே துணியில் மூன்று சட்டை வெட்டுகிறவர் மாதிரி, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக் காரின் மேல் இரண்டு இடத்தில் கோடு கிழித்தார். முன்பாகம் அக்காவுக்கு. எஞ்சின், விளக்குகள், முன் சக்கரம் இரண்டும் அதில் வந்துவிட்டன. நடுப்பாகம் தங்கைக்கு. கதவுகளும் சீட்டுகளும் அவளுடையவை. பின்பாகம் தம்பிக்கு. டிக்கியும் பின் பம்பரும் அவன் சொத்து.

ஸ்டியரிங், கோட்டைத் தாண்டி இரண்டு விரல் தங்கையின் எல்லைக்குள் விழுந்தது.

"அப்போ வண்டி ஓட்டணும்னா என்கிட்ட கேட்கணும்" என்றாள் தங்கை.

"கேட்கறேன். ஏறட்டுமா?" என்றான் தம்பி.

"கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவாங்க."

அவரவர் பாகத்தை அவரவர் கழுவ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே அந்தக் கார் ஒரு நாளும் முழுசாகச் சுத்தமாக இருந்ததில்லை. தங்கை ஒழுங்காகக் கழுவுவாள். நடு மட்டும் பளபளவென்று இருக்கும். தம்பியின் டிக்கி மேல் விரலால் படம் வரையலாம். தெருப் பிள்ளைகள் வரைந்துமிருந்தார்கள். கழுவிக் கழுவிக் கோடு அழிந்தால் அக்கா மறுபடி போட்டுவிடுவார்.

அரசாங்கத்துக்குச் சாக்பீஸ் கோடு புரியாதே. வண்டிப் பதிவில் ஒரு பெயர்தான் போட முடியும் என்றார்கள். மூத்தவர் என்பதால் அளவக்கா பெயரைப் போட்டார்கள். அதோடு அது மறந்தும் போனது.

அடுத்து இன்சூரன்ஸ். காப்பீட்டுக்காரர் ஒருவர் பையோடு கடைக்கு வந்தார். ஒரு அளவு பெரிய சட்டை போட்டிருந்தார். அக்காவுக்கு அதைப் பார்த்ததிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது.

"அடிப்படையா ரெண்டு வகைக்கா" என்று ஆரம்பித்தார் காப்பீட்டுக்காரர். "ஒண்ணு தேர்ட் பார்ட்டி. இது இல்லாம வண்டி ரோட்டுக்கே வரக் கூடாது, சட்டம். உங்க கார் இடிச்சு யாருக்காவது அடிபட்டாலோ, அவங்க பொருள் உடைஞ்சாலோ கம்பெனி கொடுக்கும். உங்க காருக்கு ஒண்ணும் கிடைக்காது."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மூணாவது ஆளுக்குத்தானே? நாங்க மூணு பேர். மூணாவதா வர்ற பின்பாகம் என்னுது. அப்போ வர்ற பணம் மொத்தமும் எனக்குத்தானே?"

"இல்லைங்க. வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க முதல் ஆள். கம்பெனி ரெண்டாவது ஆள். மிச்சம் இருக்கற ஊர் உலகம் மொத்தமும் மூணாவது ஆள்."

"ஊர் உலகத்துக்கெல்லாம் இருக்கு, கூடப் பிறந்தவனுக்கு இல்லையா?" தம்பிக்கு மனசு விட்டுப்போயிற்று.

"இன்னொண்ணு ஃபுல் இன்சூரன்ஸ்…" என்று காப்பீட்டுக்காரர் தொடங்கி, தேய்மானம், எஞ்சின் பாதுகாப்பு, ஓட்டுநர் விபத்துக் காப்பீடு என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். தங்கை கொட்டாவி விட்டாள். அளவக்கா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இருங்க. நான் என் பாஷையில சொல்றேன், சரியான்னு பாருங்க. நான் கத்தரியைக் கையில வச்சுக்கிட்டு நடக்கறேன். எதிர்ல வர்றவங்க சட்டையில பட்டுக் கிழிஞ்சிடுது. அதைத் தைச்சுக் கொடுத்தா தேர்ட் பார்ட்டி. என் சட்டை கிழிஞ்சா என் தலையெழுத்து."

"கரெக்ட்."

"அவங்க சட்டையையும் தைச்சு என் சட்டையையும் தைச்சுக் கொடுத்தா ஃபுல் இன்சூரன்ஸ். சட்டையை எவனாவது தூக்கிட்டுப் போனாலும் சரி, இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகினாலும் சரி."

"ஆமாக்கா, திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் அதுல வரும்."

"தேய்மானம்னீங்களே?"

"பழைய பொருள் உடைஞ்சா, அது பழசானதுக்குத் தகுந்த மாதிரி கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் கொடுப்பாங்க. கழிக்காம வேணும்னா கூடக் கட்டணும். பம்பர் டு பம்பர்னு சொல்லுவாங்க."

"பழைய சட்டைக்குப் புதுக் காலர். புரியுது. எஞ்சினுக்கு ஏன் தனியா?"

"தண்ணி புகுந்து எஞ்சின் போச்சுன்னா சாதாரணமா ஃபுல் இன்சூரன்ஸ்லயே வராது. அதுக்குன்னு சேர்த்து எடுக்கணும்."

"அது லைனிங். லைனிங்குக்கு எப்பவும் தனி ரேட்டுதான். அப்புறம் ஓட்டறவருக்கு ஒண்ணு சொன்னீங்களே, அது சட்டைக்கு இல்ல, சட்டைக்குள்ள இருக்கற ஆளுக்கு. சரியா?"

காப்பீட்டுக்காரர் அசந்துபோனார். "அக்கா, இதை நான் அடுத்த கடையில சொல்லிக்கட்டுமா?"

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சட்டையைக் கழட்டிக் கொடுங்க. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தந்துடறேன்."

சட்டையில்லாமல் பனியனோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம், மூன்று பேரும் தங்கள் முடிவைச் சொன்னார்கள். முட்டுவதெல்லாம் முன்பக்கம்தான், ஆகவே முன்பாகத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டும் என்றார் அக்கா. நடுவில் யார் வந்து இடிக்கப் போகிறார்கள், தேர்ட் பார்ட்டி போதும் என்றாள் தங்கை. பின்பாகத்துக்கு எதுவுமே வேண்டாம் என்றான் தம்பி. "பின்னாடி இடிக்கறவன் கொடுத்துட்டுப் போறான்."

"கார் ஒண்ணுதாங்க" என்றார் காப்பீட்டுக்காரர், அழாத குறையாக. "பாலிசியும் ஒண்ணுதான். மூணு துண்டாப் போட முடியாது."

ஓட்டெடுப்பு நடந்தது. "இந்தக் காரை எவன் திருடுவான்? திருடறதா இருந்தாலும் மூணு பேர்கிட்டயும் தனித்தனியா அனுமதி வாங்கணும்" என்று தம்பி சொன்னதில் அக்கா பக்கம் தோற்றது. சட்டத்துக்குத் தேவையான தேர்ட் பார்ட்டியை மட்டும் எடுத்தார்கள். காப்பீட்டுக்காரர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, எல்லோருக்கும் சொல்கிற வழக்கத்தில் ஒன்று சொன்னார். "ஏதாவது ஆச்சுன்னா வண்டியை நகர்த்தாதீங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க. எங்க ஆள் வந்து பார்க்கணும்."

தங்கை மற்ற எதையும் காதில் வாங்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒருவரைக் காத்திருக்கச் சொல்லும் வாக்கியம் எதுவாக இருந்தாலும் அவளுக்குப் பிடிக்கும்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காட்டு விலங்குகள் நாடகம் போடுவார்கள். சிங்கத்துக்குப் பல்வலி வருகிறது, காடே திண்டாடுகிறது, அதுதான் கதை. எப்போதும் உடைகளைப் பெரிய கடையிலிருந்து வாடகைக்கு எடுப்பார்கள். போன தடவை வந்த கரடி உடையில் முழங்கை ஓட்டை, சிங்கத்தின் பிடரி மேடையிலேயே கழன்று விழுந்து ஒரு குட்டி அதன்மேல் வழுக்கியும் விழுந்தது. இந்தத் தடவை நாடக டீச்சர் நேராக அளவக்காவிடம் வந்தார். "நீங்களே தைச்சுக் கொடுங்க. சரியா வந்தா இனிமே எல்லா வருஷமும் உங்ககிட்டதான்."

அளவக்கா அந்த வேலையில் உயிரை வைத்தார். யானைக்குத் தும்பிக்கை தொங்கவும் வேண்டும், பிள்ளை மூச்சு விடவும் வேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நிற்கவும் வேண்டும், வாசலில் இடிக்காமலும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஆமை. ஆமையாக நடிப்பது தங்கையின் மகள். வகுப்பிலேயே சின்ன உருவம். அவளுக்கு வசனம் கிடையாது. மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து போக வேண்டும், அவ்வளவே. சிங்கம் உடை இல்லாமல் வந்தாலும் கர்ஜித்துச் சமாளிக்கலாம். ஓடு இல்லாத ஆமை, மேடையில் வழி தெரியாமல் குனிந்து போகிற ஒரு சின்னப் பெண்தான். அளவு எடுக்க வந்தபோது அந்தப் பெண் கேட்டாள்: "பெரியம்மா, ஓடு போட்டா நான் ஆமைன்னு எல்லாருக்கும் தெரியுமில்ல?"

"பார்த்த உடனே தெரியும்" என்று சொல்லியிருந்தார் அளவக்கா.

நாடகத்தன்று மதியம் எல்லாம் தயார். உடைகளை இஸ்திரி போட்டு மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, முகம் கழுவ அக்கா மாடிக்குப் போனார். தம்பி காரைக் கொண்டுவந்தான். டிக்கி கடை வாசலை ஒட்டி நின்றால் மூட்டை ஏற்றச் சுலபம் என்று பின்பக்கமாகக் கொண்டுவரத் தொடங்கினான். தங்கை கீழே நின்று கையை ஆட்டி வழி காட்டினாள். பக்கத்துக் கடை கடிகாரம் ரிப்பேர் செய்கிறவருடையது. அவருடைய பெயர்ப்பலகை ஒன்று தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது.

அடுத்து வந்தது, மாடியில் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்.

அளவக்கா பாதி முகத்தில் சோப்போடு ஓடி வந்தார். காரின் பின்பக்கம் ஷட்டருக்குள் போயிருந்தது. தகடுகள் உள்ளே மடங்கி, பம்பரைப் பல்லால் கடித்துப் பிடித்த மாதிரி நின்றன. கார் அங்கே இருக்கிற வரைக்கும் ஷட்டர் மேலே போகாது.

"நீ பார்த்துக்கிட்டுத்தானே நின்னே?" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினார்.

"பார்த்தேனே! ஒரு தள்ளுவண்டி பக்கத்துல நின்னுச்சு. என் கதவுல படாம வருதான்னு கண்ணை எடுக்காமப் பார்த்தேன். என் பாகத்துல ஒரு கீறல் இல்ல, வேணும்னா பாரு."

"நீ எங்கடா பார்த்தே?"

"முன்னாடிதான்" என்றான் தம்பி. "திரும்பும்போது உன் விளக்கு அந்தப் பலகையில தேய்ச்சா நீ என்னை உயிரோட விடுவியா? உன் பாகத்தைத்தான்கா கண்ணும் கருத்துமா பார்த்துக்கிட்டேன்."

"பின்பாகம் உன்னோடதுதானே?"

"என்னோடதுதான். அதனாலதான் யாரும் கேட்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

தெரு கூடிவிட்டது. அக்கா மடங்கிய தகட்டின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். யானையின் தும்பிக்கை மூட்டையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. "வண்டியை முன்னாடி எடுடா" என்றார்.

"தொடாதீங்க!" தங்கை இரண்டு கையையும் விரித்துக் காருக்கு முன்னால் நின்றாள். "நகர்த்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஆள் வந்து பார்த்தாத்தான் பணம் கிடைக்கும்."

அது நியாயம்தானே என்று எல்லோருக்கும் பட்டது. காப்பீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைத்திருந்தார். மறுபடி போட்டார்கள். அப்போதும் அப்படியே. "கொஞ்சம் உட்காருங்க" என்றாள் தங்கை. கூட்டத்தில் இரண்டு பேர் நிஜமாகவே உட்கார்ந்தார்கள்.

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே வெளியே வந்திருந்தார். "நல்லவேளை, என் கடையில இடிக்கல" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அதுதான் தப்பாப் போச்சு!" என்றான் தம்பி. "நாலடி தள்ளி உங்க கடையில இடிச்சிருந்தா கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்திருக்கும். உங்க நேரம் சரியில்ல."

"என் நேரமா? ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று கடிகாரக்காரர் அக்காவின் பக்கம் திரும்பினார். "வண்டியும் உன் பேர்ல, கடையும் உன் பேர்ல. அப்போ யாருக்கு யார் கொடுக்கறது?"

முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வி இப்படித்தான் வந்தது. கூட்டத்தில் நின்ற பால்காரர், கம்பெனி இரட்டிப்பாகக் கொடுக்கும் என்றார். இன்னொருவர் அக்காவே அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். தம்பியின் மூளை அவன் கையைவிட வேகமாக வேலை செய்தது.

"அண்ணே, ஒரே ஒரு தட்டு. வண்டியை வெளிய எடுத்து உங்க கடையில மெதுவா ஒரு தட்டுத் தட்டிக்கறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டுடலாம்."

கடிகாரக்காரர் ஓடிப் போய்த் தன் கடை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "கிட்ட வந்தே, நடக்கறதே வேற!" உள்ளே இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி சொன்னது.

"பொய் சொல்லி வாங்கற காசு எனக்கு வேண்டாம்" என்றார் அக்கா.

"சரி, பொய் இல்லாமலே சொல்றேன்" தம்பி விடவில்லை. "இடிச்சது எது? பின்பாகம். பின்பாகம் யாருது? என்னுது. இடிபட்டது யாருது? உன்னுது. அப்போ நான் முதல் ஆள், நீ மூணாவது ஆள். ஷட்டருக்குக் காசு கொடுத்தே ஆகணும். கோடு இருக்கு பாரு!"

கூட்டம் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தது. சரியாகத்தான் இருந்தது. கைதட்டக்கூடச் செய்தார்கள். அளவக்காவுக்கே ஒரு நிமிஷம், அட, ஆமாம் என்று தோன்றிவிட்டது.

அப்போது கைப்பேசி அடித்தது. நாடக டீச்சர். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "அக்கா, எங்கே இருக்கீங்க? சிங்கம் அழ ஆரம்பிச்சிடுச்சு. யானை பனியனோட உட்கார்ந்திருக்கு. உங்க ஆமை மட்டும் வாசல்லயே நிக்குது, நகர மாட்டேங்குது. பெரியம்மா வந்தாத்தான் உள்ள வருவேங்குது."

அளவக்கா போனை வைத்தார். ஷட்டரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். புதுத் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்பாரே, அப்படி நின்றார்.

"இந்தக் கோடு நமக்குத் தெரியும்டா. கம்பெனிக்குத் தெரியுமா?" என்றார் மெதுவாக. "பாலிசியில இருக்கறது என் பேரு மட்டும்தான். கார் மொத்தமும் என்னுது. அப்போ முதல் ஆள் நான். இடிபட்ட கடையும் என்னுது. அங்கேயும் அதே நான்தான். நானே எப்படி எனக்கு மூணாவது ஆள் ஆக முடியும்? என் கத்தரி, என் சட்டை. ஷட்டருக்கு ஒண்ணும் வராது."

"அப்போ பம்பருக்கு?" என்றாள் தங்கை.

"நம்ம எடுத்தது தேர்ட் பார்ட்டிதானே? நம்ம காருக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னாரு. அதுக்கும் வராது." அக்காவின் குரல் ஏறியது. "அப்போ யார் வந்து என்னத்தைப் பார்க்கறதுக்கு நாம காத்துக்கிட்டிருக்கோம்? அவங்க ஆள் பத்து பேர் வந்து பார்த்தாலும் கிடைக்கப் போறது பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்காக உன் பொண்ணு அங்க வாசல்ல நிக்கறா!"

தங்கையின் விரித்த கைகள் தானாகவே கீழே இறங்கின. அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. "எடுக்கா, சீக்கிரம் எடு" என்றாள்.

"இருங்க இருங்க, இழுத்தா என் பம்பர் பிஞ்சுடும்!" தம்பி டிக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"பிஞ்சா நான் தைச்சுத் தர்றேன். தள்ளு."

அளவக்காவே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இந்த முறை தெருவில் இருந்த அத்தனை பேரும் பின்பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள். கார் முன்னால் ஒரு துள்ளுத் துள்ளியது. பம்பர் வரமாட்டேன் என்று ஷட்டரோடு தங்கிவிட்டது. கடிகாரக்காரரும் பால்காரரும் சேர்ந்து தூக்கியதில் ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றுகொண்டது. அக்கா தவழ்ந்து உள்ளே போனார். யானை, கரடி, சிங்கம் என்று ஒவ்வொரு மூட்டையாக வெளியே வந்தது. ஆமை ஓட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் அக்காவே முதுகில் போட்டுக்கொண்டு தவழ்ந்து வந்தார். அன்று அந்தத் தெருவில் முதலில் ஆமையாக நடித்தது அவர்தான்.

டிக்கி மூட மறுத்தது. தம்பி ஒயரால் கட்டினான். ஒட்டகச்சிவிங்கியின் தலை பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, பம்பர் இல்லாத கார் பள்ளிக்கூடத்துக்குப் போனது. வழியில் எல்லா வண்டிக்காரர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். பயந்துதான்.

அரங்கத்தின் பின்னறையில் அக்காவுக்கு யாருக்கு எது என்று கேட்கவே தேவைப்படவில்லை. தோளைப் பார்த்தார், உடையைக் கொடுத்தார். சிங்கத்துக்குப் பிடரி ஏறியதும் அழுகை நின்றது. கரடி உடையை எடுத்துக்கொண்டு திரும்பினால், கரடியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் நம் காப்பீட்டுக்காரர். கரடி அவர் மகன்.

"ஏன்கா இவ்வளவு லேட்டு?" என்றார்.

"உங்களுக்குத்தான் போன் போட்டுக்கிட்டே இருந்தோம்!"

"நாடகத்துக்கு வர்றவங்க போனை அணைச்சு வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்களே?"

அவர் மகனுக்கு உடை மாட்டியபடியே அக்கா நடந்ததைச் சொன்னார். தன் கணக்குச் சரியா என்றும் கேட்டார். காப்பீட்டுக்காரர் கரடியின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அத்தனையும் சரிக்கா. ஃபுல் இன்சூரன்ஸா இருந்திருந்தா பம்பருக்கு வந்திருக்கும், நானும் நகர்த்தாதீங்கன்னு சொன்னதுல அர்த்தம் இருந்திருக்கும். ஆனா அப்பவும் ஷட்டருக்கு வராது. சொந்தக் கடைக்குக் கடை இன்சூரன்ஸ்னு தனியா இருக்கு. தேர்ட் பார்ட்டி எடுத்தவங்ககிட்டயும் நகர்த்தாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கேன் பாருங்க, அது என் தப்பு. அடுத்தவங்களுக்கு அடிபட்டா, அடுத்தவங்க பொருள் போனா எங்ககிட்ட சொல்லணும், போலீசுக்கும் சொல்லணும். இப்படிச் சொந்த ஷட்டருக்கு யாரையும் கேட்க வேண்டாம்."

"இதையெல்லாம் மூணு பேரையும் உட்கார வச்சு மறுபடி சொல்லுங்க" என்றார் அக்கா. "அடுத்த தடவை ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. முழுக் காருக்கும் ஃபுல். கடைக்கும் ஒண்ணு."

பின்னறை வாசலில் ஆமை தன் ஓட்டுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தது. அக்கா குனிந்து ஓட்டை மாட்டி, பட்டையை இறுக்கினார். ஒரு விரல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்னறையில் இருந்த குரங்கு திரும்பிப் பார்த்து, "ஏய், ஆமை வந்துடுச்சு!" என்று கத்தியது. அதைக் கேட்டதும் அந்தச் சின்ன முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பெரியம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. ஆமை ஓடலாமா என்று யாரும் கேட்கவில்லை.

மேடையில் அது ஓடவில்லை. தன் வேலையில் அவ்வளவு பொறுப்பு. சிங்கத்துக்குப் பல்வலி வந்தது, குரங்கு வைத்தியம் பார்த்தது, யானை தும்பிக்கையால் பல்லைப் பிடுங்கியது. அதற்குள் ஆமை மேடையின் பாதியைத்தான் கடந்திருந்தது. நாடகம் முடிந்து சிங்கம் வணங்கிவிட்டுப் போன பிறகும் நடந்துகொண்டே இருந்தது. திரை இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்தபடி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அளவக்காவைப் பார்த்தார். "விடுங்க, போய்ச் சேரட்டும்" என்றார் அளவக்கா. ஆமை அந்த ஓரத்தைத் தொட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தம்பி கொஞ்சம் முன்னாலேயே தட்டத் தொடங்கிவிட்டான். டீச்சர் அங்கேயே வைத்து அடுத்த வருஷ நாடகத்துக்கு அளவு எடுக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார். மீன்களாம்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில், வேலை செய்கிற இடத்தில் கார் வைத்திருக்கிறவர் யாராவது கட்டாயம் இருப்பார். அவரிடம் எந்த வகைப் பாலிசி இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவரைப் பிடித்து உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் சொல்ல வேண்டாம். நிறுத்திய பிறகு சொல்லுங்கள்.